ஸ்னோரன்னரில் எந்த லோடுக்கு எந்த ட்ரெய்லர்? பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

கேள்வி பெரம்பூரிலிருந்து வந்திருக்கிறது. கனரக லாரிகளைச் சேற்றிலும் பனியிலும் ஓட்டிச் சரக்கு சேர்க்கும் ஸ்னோரன்னர் வீடியோ கேமைப் பற்றியது; மிச்சிகன், தைமிர் எல்லாம் அதில் வரும் பகுதிகள். சுருக்கமாக இதுதான்: "ஸ்னோரன்னரில் மிச்சிகனை முடித்துவிட்டு தைமிருக்கு வந்திருக்கிறேன். செமி ட்ரெய்லர் போட்டால் பாதி வழியிலேயே புதைந்துவிடுகிறது. லாரியின் பெட்டில் (சரக்கு வைக்கும் பின்தட்டில்) மட்டும் ஏற்றினால் ஒரே ஒப்பந்தத்துக்கு நான்கைந்து நடை ஆகிறது. எந்த லோடுக்கு எந்த ட்ரெய்லர் என்று எப்படித் தீர்மானிப்பது?"

பெரும்பாலானவர்கள் ட்ரெய்லர் கடையில் நின்று ஸ்லாட் (சரக்கு வைக்கும் இடம்) எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறார்கள். மிச்சிகனின் தார்ச்சாலையில் அது ஓடிவிடும். தைமிரில் ஓடாது. போகவேண்டிய பாதையில் மிக மோசமான 100 மீட்டர் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மீதி 2 கிலோமீட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, அந்த 100 மீட்டர்தான் உங்கள் ட்ரெய்லரைத் தீர்மானிக்கிறது. இந்தப் பதில் முழுவதும் அதன் விளக்கம்தான்.

முதலில் எடை எங்கே விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சேபர் இன்டராக்டிவ் உருவாக்கி 2020 ஏப்ரலில் வெளிவந்த இந்த விளையாட்டு, அதற்கு முன்பு வந்த ஸ்பின்டயர்ஸ், மட்ரன்னர் இரண்டின் வழியில் வந்தது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: சக்கரத்தின் கீழே மண் உண்மையாகவே அமுங்குகிறது, தடம் பதிகிறது, அதே தடத்தில் மறுபடி போனால் இன்னும் ஆழமாகிறது. ஆகவே ஒவ்வொரு சக்கரத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அது எவ்வளவு எடையைத் தாங்குகிறது? அதை இன்ஜின் சுற்றுகிறதா, இல்லை சும்மா உருள்கிறதா?

லாரியின் பெட்டில் மட்டும் லோடு இருந்தால் முழு எடையும் லாரியின் சக்கரங்கள் மேல்தான். ஆல் வீல் டிரைவ் உள்ள 3 அச்சு வண்டி என்றால், எடை தாங்கும் எல்லாச் சக்கரமும் இழுக்கிற சக்கரமும்கூட. இதைவிடச் சேற்றுக்கு ஏற்ற அமைப்பு விளையாட்டில் கிடையாது.

செமி ட்ரெய்லரில் லோடின் முன்பக்க எடை சேடில் (ட்ரெய்லரின் முன்பகுதி உட்காரும் இணைப்பு) வழியாக டிராக்டரின் (செமியை இழுக்கும் லாரியின்) பின் அச்சுகள் மேல் இறங்குகிறது. பின்பக்க எடை ட்ரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் மேல். டிராக்டரின் பின் சக்கரங்களுக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் எடை, கெட்டியான தரையிலும் ஈரச் சரளையிலும் பிடிப்பைக் கூட்டும். ஆனால் ஆழமான சேற்றில் அதே எடை சக்கரத்தைக் கீழே அழுத்திவிடும். பின்னால் இருக்கும் ட்ரெய்லர் சக்கரங்களோ எதையும் இழுப்பதில்லை, சேற்றை உழுதுகொண்டு வருகின்றன. முன் அச்சுக்கு டிரைவ் இல்லாத 3 அச்சு டிராக்டர், 2 அச்சு செமி என்று எண்ணிப் பாருங்கள்: 5 அச்சுகளில் 2 மட்டுமே இழுக்கின்றன, மீதி 3 அச்சு சுமை. செமி சேற்றில் புதைவதற்குக் காரணம் இதுதான். இன்ஜினை மேம்படுத்தினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று குழியை இன்னும் ஆழமாகத் தோண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வகை, லாரிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் சாதாரண ட்ரெய்லர். இதன் எடை ஏறக்குறைய முழுவதும் அதன் சொந்த அச்சுகளிலேயே நிற்கும், லாரிக்குப் பிடிப்பைக் கொடுக்காது. ஆனாலும் இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: லாரியின் பெட்டை இழக்கவேண்டியதில்லை. சேடில் போட்ட டிராக்டர் தன் மேல் எதையும் ஏற்ற முடியாது. கொக்கி ட்ரெய்லர் இழுக்கும் லாரியோ பெட்டில் ஒரு பங்கு, பின்னால் ஒரு பங்கு என்று கொண்டுபோகும். பெட்டில் இருக்கும் லோடே இழுக்கும் சக்கரங்களுக்கு எடை கொடுத்துவிடுகிறது. மாட்டிக்கொண்டால் ட்ரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டு, பெட்டில் உள்ள லோடை முதலில் சேர்த்துவிட்டு, காலி லாரியோடு திரும்பி வந்து ட்ரெய்லரை எடுக்கலாம். செமியில் இந்த வசதி கிடையாது. தைமிருக்கு நான் முதலில் சொல்லும் அமைப்பு இதுதான், காரணம் இன்னும் கீழே வரும்.

இப்போது அந்த 100 மீட்டரைக் கண்டுபிடிக்கும் முறை. கண்காணிப்புக் கோபுரத்தைத் திறந்தால் வரைபடம் தெளியும், ஆனால் சேற்றின் ஆழம் வரைபடத்தில் தெரியாது. லோடு ஏற்றுவதற்கு முன் ஒரு ஸ்கவுட் (பாதையை வேவு பார்க்கும் சிறிய) வண்டியில் அந்தப் பாதையை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கவனிக்கவேண்டியவை நான்கு. ஸ்கவுட்டின் சக்கரம் எங்கே பாதிக்கு மேல் மூழ்குகிறது என்று பார்க்கவேண்டும், அங்கே கனமான லாரி அச்சு வரை இறங்கும். அடுத்து, எங்கே பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. மூன்றாவது, எந்த வளைவின் உள்பக்கம் பாறையோ மரமோ நிற்கிறது.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: வின்ச் (வண்டியை இழுத்து வெளியே எடுக்கும் கம்பி) மாட்ட என்ன இருக்கிறது? தடித்த மரம் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் சேற்றுப் பாதை, பார்க்கப் பயமாக இருந்தாலும் கடந்துவிடலாம். ஒல்லியான கன்றுகள் மட்டும் இருந்தால் வின்ச் இழுக்கும்போது அவை முறிந்துவிடும். ஒன்றுமே இல்லாத திறந்த பனிவெளியோ சதுப்போ என்றால், எவ்வளவு சிறிய சேறாக இருந்தாலும் லோடைக் குறைத்துக்கொண்டு போங்கள். மாட்டினால் உதவிக்குப் பிடிக்க எதுவும் இல்லாத இடம் அது.

வளைவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மணலியிலோ எண்ணூர் விரைவுச் சாலையிலோ 40 அடி கன்டெய்னர் வண்டி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் சந்திப்பின் நடு வரை நேராகப் போய்விட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். காரணம், ட்ரெய்லரின் பின் சக்கரங்கள் டிராக்டர் போன தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். ட்ரெய்லர் நீள நீள அந்த வெட்டும் கூடும். விளையாட்டிலும் அப்படியே. லாரியின் முன்பகுதி வளைவைக் கடந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது, பின்னால் ட்ரெய்லரின் உள்பக்கச் சக்கரம் ஒரு பாறை மேல் ஏறி வண்டியையே சாய்த்துவிடும். ஆகவே நீளமான செமியில் ஒவ்வொரு வளைவையும் வெளிப்பக்க ஓரத்திலிருந்து தொடங்குங்கள், தாமதமாகத் திருப்புங்கள், பின்பக்கக் கேமராவில் உள்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வாருங்கள். வெளிப்பக்கத்தில் பள்ளத்தாக்கு இருக்கும் வளைவில் இப்படி அகலமாக எடுக்க இடம் இருக்காது. அந்தப் பாதைக்கு நீளமான செமி பொருந்தாது, அதோடு முடிந்தது. நான்காவது சீசனில் (கூடுதல் வரைபடத் தொகுப்பில்) வந்த ஆமூர் பகுதியில் இத்தகைய மலைப்பாதைகள் நிறைய. அங்கே செமியோடு போய் வண்டியைக் கவிழ்ப்பதைவிட பெட்டில் இரண்டு நடை போவது எப்போதும் வேகமானது.

நடைகளின் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு ஸ்லாட் பொருள் 8 தேவை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெட்டில் 2 ஸ்லாட், செமியில் 4 ஸ்லாட். பெட்டில் 4 நடை, செமியில் 2 நடை. பெட் லாரி ஒரு நடைக்கு 25 நிமிடம் எடுத்தால் மொத்தம் 100 நிமிடம். செமி ஒரு நடைக்கு 45 நிமிடம் எடுத்தால் 90 நிமிடம். மிச்சம் வெறும் 10 நிமிடம், அதுவும் ஒருமுறைகூடக் கவிழாமல் இருந்தால். செமியின் நடைநேரம் பெட்டின் நேரத்தைவிட இரண்டு மடங்கை நெருங்கும் பாதையில் செமிக்கு லாபமே இல்லை. பெட்டோடு ஒரு கொக்கி ட்ரெய்லரையும் சேர்த்தால் நடை எண்ணிக்கை செமிக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்துவிடும், பெட்டின் பிடிப்பும் கூடவே இருக்கும். உங்கள் பிரச்சினைக்கு இதுதான் நேரான விடை.

அடுத்து, என்ன சரக்கு என்பது. ஒரே ஸ்லாட் என்பதால் ஒரே எடை என்று ஆகிவிடாது. கான்கிரீட், செங்கல், உலோகம் எல்லாம் கனம். கனமான சரக்கை ஏற்றியபின் அதே மேட்டில் அதே லாரி வேறு மாதிரி நடந்துகொள்ளும். பக்கப் பலகை உள்ள சைட்போர்டு பெட்டிலும் ட்ரெய்லரிலும் சிறு சரக்குகள் பத்திரமாக நிற்கும். குழாய், கன்டெய்னர் போன்ற நீளமானதும் பெரியதும் பக்கப் பலகை இல்லாத ஃபிளாட்பெட்டைத்தான் கேட்கும். ஒப்பந்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தால் ஃபிளாட்பெட்டை எடுத்துவிடுங்கள், பாதியில் கரேஜுக்குத் திரும்பி பெட்டை மாற்றுவதற்கு அது மேல். பெட், சேடில், கிரேன் போன்றவற்றை கரேஜில் மட்டுமே மாற்றமுடியும் என்பதால், கிளம்பும் முன் எடுக்கும் முடிவு முழு நடைக்கும் நிற்கிறது. ட்ரெய்லர் அப்படியல்ல. அதற்குத் தனிக் கடைகள் வரைபடத்திலேயே இருக்கின்றன, வழியில் விட்டுச்செல்லவும் எடுத்துக்கொள்ளவும் முடியும்.

சேடிலில் லோ, ஹை என்று இரண்டு உண்டு. வழக்கமான ஃபிளாட்பெட், சைட்போர்டு செமிகளுக்கு லோ சேடில். எண்ணெய்த் துரப்பண ரிக் போன்ற பெரிய சிறப்பு ட்ரெய்லர்களுக்கு ஹை சேடில். ஹை சேடில் எல்லா லாரிக்கும் பொருந்தாது, கனரக வண்டிகளுக்கே பெரும்பாலும் கிடைக்கும். ஒரு ஒப்பந்தம் பெரிய ட்ரெய்லரை நகர்த்தச் சொன்னால், அது நிற்கும் இடத்துக்குப் போவதற்கு முன்பே அந்தச் சேடிலைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வரைபடத்தின் மறுகோடி வரை ஓட்டிப்போய் மாட்டமுடியாமல் நிற்பது இந்த விளையாட்டில் அடிக்கடி நடப்பது. ஸ்கவுட் வண்டிகள் தங்களுக்கென்று உள்ள சின்ன ட்ரெய்லர்களை மட்டுமே இழுக்கும். மரக்கட்டைக்கு லாரியில் தனி அமைப்பும் அதற்கேற்ற ட்ரெய்லரும் தேவை, நீளக் கட்டைக்கு அது கட்டாயம்.

இனி மிக முக்கியமானது, ஒரே லோடுக்கு இரண்டு டிராக்டர். பாதையில் முக்கால்வாசி நல்ல சாலை, கால்வாசி சேறு என்றால், ஒரே வண்டியால் இரண்டையும் சமாளிக்க முயலவேண்டாம். வேகமாக ஓடும் நெடுஞ்சாலை வகை டிராக்டர் ஒன்றில் செமியைச் சேற்றின் விளிம்பு வரை கொண்டுபோங்கள். கெட்டித் தரையில், ஓரமாக, போகவேண்டிய திசையைப் பார்த்து நிறுத்தி ட்ரெய்லரைக் கழற்றுங்கள். அதே லோ சேடில் போட்ட, ஆல் வீல் டிரைவும் டிஃப் லாக்கும் (அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு) உள்ள வேறொரு ஆஃப்ரோடு லாரியை முன்கூட்டியே அங்கே நிறுத்தி வைத்திருந்தால், அது அதே செமியை எடுத்துக்கொண்டு மீதி வழியைக் கடக்கும். கிரேனால் சரக்கை ஒவ்வொன்றாக மாற்றும் வேலை மிச்சம். அந்த நெடுஞ்சாலை டிராக்டர் அடுத்த செமியை எடுக்கத் திரும்பிவிடலாம். கூட்டாக விளையாடினால் இது இன்னும் சிறக்கும்: 4 பேர் வரை சேரலாம் என்பதால் ஒருவர் நல்ல சாலையில் மட்டும், ஒருவர் சேற்றில் மட்டும் ஓட்டினால் யாருடைய வண்டியும் தவறான தரையில் நேரத்தை வீணாக்காது.

கிரேன் எப்போது? சேற்றுப் பகுதி செமியே நுழையமுடியாதபடி குறுகலாகவோ சரிவாகவோ இருந்தால். அப்போது விளிம்பில் கிரேனும் பெட்டும் உள்ள லாரியைக் காத்திருக்க வையுங்கள். இரு வண்டிகளையும் சமதரையில், பக்கம் பக்கமாக, கிரேனின் கை எட்டும் தூரத்தில் நிறுத்தி மாற்றவேண்டும். சரிவில் நின்று கனமான சரக்கைத் தூக்கினால் கிரேன் லாரியே சாய்ந்துவிடும். மாற்றி முடித்ததும் சரக்கைக் கட்ட மறக்காதீர்கள். கிரேனால் வைத்த சரக்கு கட்டப்படும்வரை பெட்டில் சும்மா கிடக்கிறது, முதல் மேட்டிலேயே சரிந்து விழும்.

ஓட்டும்போது என்ன தவறு நடக்கிறது என்று பார்ப்போம். சேற்றில் நுழைவதற்கு முன்பே லோ கியருக்கு வந்துவிடுங்கள், டிஃப் லாக்கையும் ஆல் வீல் டிரைவையும் போட்டுவிடுங்கள். உள்ளே போனபின் நின்று மாற்றினால் நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். இரண்டும் எரிபொருளை அதிகம் குடிக்கும். டிஃப் லாக் போட்டிருந்தால் வண்டி திரும்பவும் மறுக்கும். ஆகவே சேறு முடிந்து வளைவு வந்தால் உடனே எடுத்துவிடவேண்டும். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். அதற்குப் பிறகு அழுத்தும் ஒவ்வொரு நொடியும் குழியை ஆழமாக்கும். ட்ரெய்லரின் சக்கரங்களும் அதே குழியில்தான் வந்து இறங்கவேண்டும்.

நம்மில் பலர் கீபோர்டில் விளையாடுகிறோம். கீபோர்டில் ஆக்ஸிலரேட்டர் முழுவதும் அழுத்தம் அல்லது ஒன்றுமில்லை. கேம்பேடின் டிரிகரைப் பாதி அழுத்திச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றவைக்கும் வசதி அதில் இல்லை. அதனால் கீபோர்டில் ஆடுபவர்கள் லோ கியரிலும் அதன் மிகக் குறைந்த நிலையைப் பயன்படுத்தப் பழகவேண்டும். கியர்பாக்ஸ் அதைத் தரும் வகையாக இருக்கவேண்டும், ஆஃப்ரோடு கியர்பாக்ஸ் போட்டால் கிடைக்கும். செமி இழுப்பவர்களுக்கு இன்ஜின் மேம்பாட்டைவிட இந்தக் கியர்பாக்ஸ் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

செமி புதைந்துவிட்டது என்றால் வரிசை இது. ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். முன்னால் இருக்கும் தடித்த மரத்தில், வண்டியின் நேர்கோட்டுக்கு எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு நெருக்கமாக, வின்ச் மாட்டுங்கள். பக்கவாட்டில் மாட்டினால் வண்டியின் மூக்கு மட்டும் திரும்பி, ட்ரெய்லர் குழியின் சுவரில் இன்னும் அழுந்தும். குறைந்த கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே வின்ச்சை இழுக்கவேண்டும், வின்ச்சை மட்டும் நம்பவேண்டாம். நகரவில்லையா? ட்ரெய்லரைக் கழற்றுங்கள். டிராக்டர் தனியாகப் பெரும்பாலும் எளிதில் வெளியே வந்துவிடும். கெட்டித் தரைக்குப் போய், ஹேண்ட்பிரேக் போட்டு, அங்கிருந்து ட்ரெய்லரை வின்ச்சால் இழுங்கள். லோடு கனமாக இருந்தால் ட்ரெய்லர் வருவதற்குப் பதிலாக டிராக்டரே பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஒரு மரத்தையோ பாறையையோ டிராக்டரின் பின்பக்கம் முட்டும்படி நிறுத்திக்கொண்டு இழுங்கள். ட்ரெய்லர் கெட்டித் தரைக்கு வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இன்ஜின் சேதமாகியோ எரிபொருள் தீர்ந்தோ நின்ற லாரியிலும், தானியங்கி வின்ச் போட்டிருந்தால் இன்ஜின் இல்லாமலேயே இழுக்கமுடியும். அது திறந்தவுடன் கனரக லாரிகளுக்கு அதையே போடுங்கள்.

கரேஜுக்கு மீட்டெடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். லாரி மட்டும் கரேஜுக்கு வரும், ட்ரெய்லர் புதைந்த இடத்திலேயே நிற்கும். அது பெரிய நஷ்டமில்லை, வேறு வண்டியில் போய் எடுக்கலாம். ஆனால் குழியில் அது பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும், அடுத்த நடைக்கு இடைஞ்சல்.

பின்னோக்கி ஓட்டுவதில் மூன்று அமைப்பும் மூன்று விதம். பெட் லாரி சாதாரணம். செமியில் ட்ரெய்லர் இடப்பக்கம் போகவேண்டுமானால் முதலில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும். ட்ரெய்லர் திரும்பத் தொடங்கியதும் மெல்ல இடப்பக்கம் கொண்டுவந்து அதைப் பின்தொடரவேண்டும். ஒடிந்து மடங்கப்போகிறது என்று தெரிந்தால் ஒரு வண்டி நீளம் முன்னால் போய் நேராக்கிக்கொள்வதே சரி. கொக்கி ட்ரெய்லரில் முன் அச்சும் திரும்பும் வகையில் இரண்டு மூட்டுகள் இருக்கின்றன, கொக்கி ஒன்று, திரும்பும் அச்சு ஒன்று. அதை நீண்ட தூரம் பின்னோக்கிச் செலுத்த முயலவே வேண்டாம். கழற்றிவிட்டு, லாரியைச் சுற்றிக் கொண்டுவந்து, ட்ரெய்லரின் வாலில் வின்ச் மாட்டி இழுத்துத் திருப்பி, பிறகு மறுபடி மாட்டுங்கள். நிறுத்தும் இடத்திலிருந்து நேராக வெளியே போகும் வழி இருக்கிறதா என்று நுழையும் முன்பே பார்த்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

பக்கச் சரிவு இன்னொரு ஆபத்து. லாரியைத் தூக்கும் சஸ்பென்ஷன் போட்டால் பாறைகளைத் தாண்டுவது எளிது, ஆனால் எடையின் மையமும் உயர்கிறது. உயரமான லோடும் சேர்ந்தால் சரிவில் கவிழும். சரிவைக் கடக்கும்போது மேல்பக்கம் இருக்கும் மரத்தில் வின்ச் மாட்டி, கம்பி இறுக்கமாக இருக்கும்படி வைத்துக்கொண்டு மெதுவாக நகருங்கள், அடுத்த மரத்துக்கு மாற்றி மாற்றிப் போங்கள். நேரம் எடுக்கும். ஆனால் கவிழ்ந்து, கட்டு அவிழ்ந்து சிதறிய சரக்கைக் கிரேனால் பொறுக்குவதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

இறக்கத்தில், குறிப்பாக விளையாட்டின் இன்னொரு பகுதியான அலாஸ்காவின் பனிக்கட்டிப் பாதையில், ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வளைவுக்குள் பிரேக் அடித்தால் டிராக்டர் நின்று ட்ரெய்லர் பக்கவாட்டில் வந்து மடங்கும். இறக்கம் தொடங்கும் முன்பே, நேரான பகுதியில், லோ கியருக்கு வந்துவிடுங்கள். பனிக்கட்டிக்குச் சங்கிலி டயர் போடவேண்டும், மற்ற டயர்கள் அங்கே பிடிப்பதில்லை. அதே சங்கிலி டயரோடு சேற்றுக்கு வராதீர்கள், அங்கே மட் டயர்தான். அலாஸ்காவில் சாலைகள் அகலமானவை, தரையும் கெட்டி. சரியான டயர் இருந்தால் நீளமான செமியின் முழுப்பயனும் அங்கேதான் கிடைக்கும். ஆற்றைக் கடப்பது வேறு கணக்கு: நீரோட்டம் நீளமான ட்ரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளும், லாரி பாறை மேல் போய்க்கொண்டிருக்க ட்ரெய்லர் ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்படும். ஓட்டத்துக்கு எதிராகச் சற்றுச் சாய்வாக நுழையுங்கள். ஸ்னார்க்கெல் (உயரத்திலிருந்து இன்ஜினுக்குக் காற்றெடுக்கும் குழாய்) இல்லாத லாரியை ஆழத்தில் இறக்காதீர்கள்.

எரிபொருளையும் ட்ரெய்லர் திட்டத்திலேயே சேர்க்கவேண்டும். நீண்ட பாதையில் நடுவில் ஒரு டேங்கர் ட்ரெய்லரையும் ஒரு பழுதுபார்ப்பு ட்ரெய்லரையும் முன்பே கொண்டுபோய் நிறுத்திவைத்தால், சரக்கு லாரியின் கொக்கி சரக்கு ட்ரெய்லருக்கே மிச்சமாகும். அந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் அந்த வரைபடத்தின் எல்லா ஒப்பந்தத்துக்கும் பயன்படும். எரிபொருளுக்கும் காசு கேட்கும் ஹார்டு மோடில் இது இன்னும் அவசியம்.

உங்கள் தைமிர் நிலைமைக்கு: ஆல் வீல் டிரைவும் டிஃப் லாக்கும் உள்ள 3 அல்லது 4 அச்சு ஆஃப்ரோடு லாரி, மட் டயர், ஆஃப்ரோடு கியர்பாக்ஸ், ஃபிளாட்பெட், பின்னால் ஒரு குட்டையான கொக்கி ட்ரெய்லர். குவாரி வரைபடத்தில் இதை வைத்துப் பழகுங்கள். வெள்ளம் சூழ்ந்த ட்ரவுன்டு லேண்ட்ஸில் ட்ரெய்லரை விட்டுவிட்டு பெட்டோடு மட்டும் தொடங்குங்கள், பாதை தெரிந்தபின் ட்ரெய்லரைச் சேர்க்கலாம். செமியை விற்றுவிடாதீர்கள். நல்ல சாலையில் அது சேற்றின் விளிம்பு வரை வரட்டும். ஏற்கெனவே பலமுறை ஓட்டி ஆழமாகிப்போன தடத்தில் சக்கரத்தை இறக்காமல், ஒரு சக்கர அகலம் தள்ளிப் புதுத் தரையில் ஓட்டுங்கள்.